இயந்திரமும் ஒரு கோப்பை கழுவுபவனும்

பலேர்மோவில் சீசா கோட்டைக்குக் கிட்ட ஒரு உணவுச்சாலையில் கோப்பை கழுவுகிறேன். மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் கோட்டைக்கு முன்னாலுள்ள பூங்காவில் இருந்து வாசிப்பது வழக்கம். அண்மையில் வாசித்தது காந்தியின் 'இந்திய சுயராஜ்யம்'. 1909இல் லண்டனில் இருந்து தென்னாபிரிக்கா திரும்பும் வழியில் கப்பலிலேயே எழுதியது. ரயில், ஆலை, நவீன வைத்தியம் எல்லாவற்றையும் அதில் நிராகரிக்கிறார். நீராவிக் கப்பலில் இருந்துகொண்டு இயந்திரத்தைத் திட்டினார் என்று சிரிக்கலாம். எனக்கு அந்த உரிமை இல்லை. நான் வாசித்தது கைத்தொலைபேசியில்.

அவரோடு சேர்த்து வாசிக்க வேண்டியவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்தவர், நிலவியல் படித்தவர். கிராமத்துக் கைவினைகள் அழிவதைக் கண்டு கலையின் பக்கம் திரும்பினார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தன் நூலை, முன்பு வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கை அச்சுப்பொறியில், ஒரு வருடத்துக்கு மேலாக அச்சிட்டு 1908இல் முடித்தார். 425 பிரதிகள்தான்.

இவர்களை வாசிக்கையில் மனம் ஒப்புக்கொள்கிறது, உடம்பு மறுக்கிறது. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய்க்கும் பற்றறிக்கும் தடை. நான் 'அ' எழுதிப் பழகியது ஜாம் போத்தல் விளக்கில். செய்தி கேட்க ஐயா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் பெடலைச் சுற்றுவார். டைனமோவில் றேடியோ பேசும். அதை இன்று 'இயற்கையோடு ஒட்டிய வாழ்வு' என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். மருந்துக்கும் கட்டுப்பாடு இருந்ததை மறந்துவிடுகிறார்கள். காந்தி தானாக விட்டார். எங்களிடம் இருந்து பறித்தார்கள். இரண்டும் ஒன்றல்ல.

அப்படியானால் இயந்திரம் நல்லதா? நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருவர் கழுவினோம். பிறகு மெஷின் வந்தது. என் விரல்கள் சோப்பு வெடிப்பில் இருந்து தப்பின. வங்காளதேச நண்பனுக்கு வேலை போனது. மிச்சமான நேரம் எனக்கு வரவில்லை. முன்பு கதைத்துக்கொண்டு கழுவினோம். இப்போது அடுத்த தட்டுக் கூடையை நிரப்ப மெஷினின் வேகத்துக்கு ஓடுகிறேன்.

1924இல், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்கப்பட்டபோது காந்தி சிங்கர் தையல் மெஷினுக்கு விதிவிலக்குக் கொடுத்தார். அம்மாவிடமும் ஒரு சிங்கர் இருந்தது. ஊராருக்குச் சட்டை தைத்து எங்களைப் படிப்பித்தார். 1995 இடப்பெயர்வில் அதை விட்டுவிட்டு நடந்தோம், திரும்பிவந்தபோது இல்லை. அதன் வேகம் அம்மாவின் காலில் இருந்தது. அவர் மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நிற்கும். சமையலறை மெஷினுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று படுகிறது: யார் நிறுத்தலாம், மிச்சமாகும் நேரம் யாருக்கு?

பழமை என்பதாலும் ஒன்று நியாயமாகிவிடாது. என் முன்னால் உள்ள கோட்டையை 1165 அளவில் நோர்மன் அரசன் முதலாம் வில்லியம் கட்டத் தொடங்கினான். கடற்காற்று முன்குளத்தைத் தடவி உள்ளே வரும். சூடு சுவருக்குள் உள்ள குழாய்வழிகளால் மேலேறிப் போகும். மின்சாரம் இல்லாத குளிர்ச்சி. ஆனால் அந்தக் குளிர்ச்சி அரசனுக்கு. கல் சுமந்தவனுக்கு வெயில்.

வருடக்கணக்காகத் தொட்டுப் பார்க்காத அம்மாவின் முகத்தை இந்தத் தொலைபேசிதான் காட்டுகிறது. ஓய்வு நாளில் முதலாளி கூப்பிடுவதும் இதில்தான். இதை எறிந்துவிட நான் தயாரில்லை. முதலாளியின் அழைப்பை எடுக்காமல் விடக்கூடிய ஒரு நாள்தான் எனக்கு வேண்டும்.