விளையாட்டுக்கு உரிமை உண்டா?

அரிதான ஒரு பொருளை வேலையும் விளையாட்டும் ஒரே நேரத்தில் கேட்டால் முதலுரிமை எதற்கு என்பது பழைய கேள்வி. கிராபிக்ஸ் கார்டு இன்று அதை மீண்டும் எழுப்பியிருக்கிறது. இந்தக் கார்டு வளர்ந்தது வீடியோ கேம் சந்தையில்தான். 1999-இல் வந்த என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256-ஐ வாங்கியவர்களில் பெரும்பாலோர் கேம் பிரியர்கள். எண்ணற்ற சிறு கணக்குகளை ஒரே சமயத்தில் போடும் அதன் திறன் பின்னாளில் செயற்கை நுண்ணறிவுக்கும் பொருந்திப்போனது. 2012-இல் படங்களை இனங்காணும் போட்டியில் வென்ற அலெக்ஸ்நெட், கேமுக்காக விற்கப்பட்ட இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகளில்தான் பயிற்றப்பட்டது. ஏ.ஐ. துறைக்கு அடித்தளம் போட்ட கார்டுகளை வளர்த்தது விளையாடியவர்களின் பணம்.

அதன்பின் தராசு சாய்ந்துவிட்டது. 2022 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவுக்கு கேமிங் தந்த வருவாய் சுமார் 1,246 கோடி டாலர். ஏ.ஐ. சிப்புகளை விற்கும் டேட்டா சென்டர் பிரிவு தந்தது 1,061 கோடி. மூன்றே ஆண்டுகளில் டேட்டா சென்டர் 11,500 கோடியைத் தாண்டியது, கேமிங் 1,135 கோடியில் நின்றது. கார்டுக்குத் தேவையான மெமரியிலும் நெருக்கடி தெரிகிறது. ஏ.ஐ. சிப்புகளுக்கான ஹெச்.பி.எம். மெமரி, அதே கொள்ளளவுள்ள சாதாரண மெமரியைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கானை விழுங்குகிறது. 2025 டிசம்பரில் மெமரி தயாரிப்பு நிறுவனமான மைக்ரான், தனிநபர்களுக்கு விற்றுவந்த குரூஷியல் வணிகத்தைக் கைவிடுவதாக அறிவித்தது.

இதன் முரண் பெங்களூரில் கண்கூடு. என்விடியாவின் பொறியாளர்கள் இந்நகரில் வேலை செய்கிறார்கள். ஏ.எம்.டி. தன் மிகப்பெரிய வடிவமைப்பு மையத்தை 2023-இல் இங்கேதான் திறந்தது. அதே நகரில், அல்சூரை ஒட்டியிருக்கிறது மர்பி டவுன். கண்டோன்மெண்ட்டின் ஏழைத் தொழிலாளர்களுக்காக ஆங்கிலேயர் காலத்தில் திட்டமிடப்பட்ட, தமிழர்கள் நிறைந்த குடியிருப்பு இது. இரண்டு லட்ச ரூபாயைத் தாண்டும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு இத்தகைய தெருக்களுக்கு எட்டாக்கனி. இங்குள்ள பிள்ளைகளுக்கு வாய்ப்பது செல்போனும் செகண்ட் ஹேண்ட் கார்டும்தான். புதிய கார்டின் விலை ஏறினால் பழைய கார்டின் விலையும் ஏறும் என்பதால், சுமை கடைசியில் அவர்கள் தலையில்தான் இறங்கும்.

வேலைக்குத்தான் முன்னுரிமை என்பவர்களின் வாதம் பயனை அளவுகோலாகக் கொள்கிறது: நோயைக் கண்டறியும் கணினி, பொழுதுபோக்கும் கணினியைவிட மேல். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் தமிழ்ச் சைவ மரபில் இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வைகையில் வெள்ளம் வந்தபோது, வந்திக் கிழவியின் பங்குக் கரையை அடைக்கக் கூலியாளாக வந்த சிவன், உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுத் தின்றுவிட்டு ஆடிப்பாடிப் பொழுதைப் போக்குகிறார். பாண்டியன் பிரம்பால் அடிக்க, அடி எல்லா உயிர் மேலும் விழுகிறது. அவசர வேலை அரசன் பக்கம் இருந்தும் திருவிளையாடற் புராணம் அவன் பக்கம் நிற்கவில்லை. பிரம்மசூத்திரமும் படைப்பையே லீலை என்கிறது.

இருந்தாலும், குறையேதுமில்லாத இறைவனின் ஆடலை, மனிதர் கார்டு கேட்பதற்குச் சான்றாக நீட்ட முடியாது. இங்கே கூர்ந்து பார்க்க வேண்டியது வேறு. வைகையில் வெள்ளம் உண்மையாகவே வந்தது. டேட்டா சென்டர்களின் வேலையோ எல்லாமே கரையடைப்பு அல்ல. வேடிக்கைப் படங்களும் வீடியோக்களும் அங்கே ஏராளமாக உருவாகின்றன. ஆகவே இன்று நடக்கும் பங்கீட்டை, வேலை விளையாட்டை வென்றதாகச் சொல்வது பொருந்தாது. கூடுதல் விலை கொடுப்பவர் எடுத்துக்கொள்கிறார், அவ்வளவே. பயன் என்ற நியாயம் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது.

அரசு இதில் நடுநிலையாளர் அல்ல. இந்தியா ஏ.ஐ. மிஷனில் 38,000-க்கும் மேற்பட்ட ஜி.பி.யூ.க்கள் (கிராபிக்ஸ் சிப்புகள்) மணிக்குச் சராசரி 65 ரூபாய்க்கு ஆய்வாளர்களுக்கும் நிறுவனங்களுக்கும் தரப்படுகின்றன. 2025-இன் ஆன்லைன் கேமிங் சட்டம் இ-ஸ்போர்ட்ஸை முறையான போட்டி விளையாட்டாக ஏற்றது. ஆனால் அதற்குரிய கார்டை இரவல் தரும் திட்டம் அந்த 65 ரூபாய்க் கணக்கில் இல்லை.