ஒட்டகமும் கூரையும்

வீட்டைக் காப்புறுதி செய்வது தவக்குலுக்கு முரணானதா என்ற கேள்வி நம்மவர்களிடையே புதியதல்ல. வாகனத்துக்குச் சட்டம் கட்டாயப்படுத்துவதால் எல்லோரும் செய்து விடுகிறோம். அங்கே மனச்சாட்சி உறுத்துவதில்லை. வீடு என்று வரும்போதுதான் "அல்லாஹ் பார்த்துக் கொள்வான்" என்ற வார்த்தை நமக்கு ஞாபகம் வருகிறது. 2025 நவம்பரின் கடைசி வாரத்தில் 'தித்வா' சூறாவளி மலைநாட்டைப் புரட்டிப் போட்ட பிறகு, தேநீர்க் கடையில் பேசிக் கலைந்து போகிற விடயமாக இதை வைத்திருக்க முடியாது என்றே எனக்குப் படுகிறது.

நான் ஸ்பிரிங்வெளிவாசி. பதுளையிலிருந்து நமுனுகுல மலையை நோக்கி ஏறும் பக்கம். காற்றும் மழையும் எங்களுக்குப் புதியவையல்ல. ஜூலையிலும் ஆகஸ்டிலும் கச்சான் காற்று தகரங்களை ஆட்டிப் பார்க்கும். ஒக்டோபர் பிறந்தால் மழை மண்ணைக் கரைக்கத் தொடங்கும். தோட்ட லயங்களின் கூரைகளில் கற்களும் பழைய டயர்களும் மணல் மூட்டைகளும் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு, இந்த மக்கள் தற்காப்பைப் பற்றி யோசிக்காதவர்கள் என்று சொல்ல மனம் வராது. அந்த டயரும் ஒரு வகைக் காப்புறுதிதான். ஆனால் 'தித்வா'வில் பறந்தது கூரை மட்டுமல்ல. பல இடங்களில் கூரைக்குக் கீழிருந்த நிலமே நகர்ந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களே அதிகம் பறிகொடுத்தன. கட்டடங்களுக்கும் வீதிகளுக்கும் பயிர்களுக்கும் நேர்ந்த நேரடிச் சேதத்தை உலக வங்கி ஏறத்தாழ 410 கோடி டொலர் என்று மதிப்பிட்டது.

தவக்குல் பற்றிய கேள்விக்கு நபி (ஸல்) அவர்களின் பதில் திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைப்பதா, கட்டாமல் விட்டு நம்பிக்கை வைப்பதா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பிக்கை வை என்றார்கள். இதை எடுத்துச் சொன்னால் சிலர், "கட்டுவது என்பது நல்ல அத்திவாரம் போடுவது, கூரையை இறுக்குவது, காப்புறுதி எப்படிக் கட்டுவதாகும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். காப்புறுதி ஒட்டகத்தைப் பிடித்து வைப்பதில்லை. ஒட்டகம் போன பிறகு இன்னொன்றை வாங்க மட்டுமே உதவுகிறது.

என் யோசனை வேறு திசையில் போகிறது. காப்புறுதி செய்யாதவர் உண்மையில் யார் மீது நம்பிக்கை வைக்கிறார்? வீடு விழுந்த மறுநாள் அவர் போய் நிற்பது எங்கே? பள்ளிவாசலில், மச்சான் வீட்டில், வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் தொலைபேசியில், கிராம உத்தியோகத்தரின் வரிசையில். அதாவது தன் வீட்டின் ஆபத்தை அவர் ஏற்கெனவே பிறர் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார், அவர்களைக் கேட்காமலே. மாதந்தோறும் ஒரு சிறு தொகை கட்ட வசதியிருந்தும் கட்டாமல் விட்டவரின் தவக்குல், அயலவரின் சட்டைப்பையின் மேல் வைத்த தவக்குல். வசதியில்லாதவரைப் பற்றி நான் பேசவில்லை. அவர் கதை வேறு, அதற்கு வருகிறேன்.

அயலவர்களே ஒருவருக்கொருவர் காப்புறுதியாக இருந்தால் என்ன என்றும் கேட்கலாம். பழைய அரபுக் கோத்திரங்களில் ஒருவர் கொடுக்க வேண்டிய இரத்தப் பணத்தைக் கோத்திரமே பகிர்ந்து கொடுத்தது; 'ஆகிலா' என்று அதைச் சொல்வார்கள். எங்கள் தோட்டத்திலும் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. ஊர்களில் ஜனாஸா நலன்புரிச் சங்கங்கள் இருக்கின்றன. மாதம் சிறு தொகை, மரணம் நிகழ்ந்தால் பெட்டிக்கும் கபனுக்கும் செலவு. எந்த ஆவணப் பிரச்சினையும் இல்லாமல் பல்லாண்டுகளாக நடக்கிறது. ஏன் நடக்கிறது? மரணம் ஒவ்வொன்றாக வருகிறது. இந்த மாதம் இந்த வீடு, ஆறு மாதம் கழித்து அந்த வீடு. சூறாவளி அப்படி வருவதில்லை. ஒரே இரவில் சங்கத்தின் தலைவர் வீடும் பொருளாளர் வீடும் அங்கத்தவர் நூறு பேரின் வீடுகளும் சேர்ந்து போகின்றன. கொடுக்க வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் ஒருவரே. அப்போது ஜமாஅத் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் பயனில்லை. எங்கள் மலையில் மழை பெய்யும் நாளில் மழை பெய்யாத ஊரில் இருப்பவனும் நிதியில் சேர்ந்திருக்க வேண்டும். மன்னாரில் இருப்பவன், காலியில் இருப்பவன், மீள்காப்புறுதி மூலமாக எங்கோ ஐரோப்பாவில் இருப்பவன். காப்புறுதி என்பது முகம் தெரியாதவர்களின் ஜமாஅத். அதன் ஒழுக்க பலமும் அதுதான், நம் மக்களுக்கு அது அந்நியமாகத் தெரிவதற்குக் காரணமும் அதுதான்.

மார்க்கச் சட்டம் பற்றிய தயக்கம் உண்மையானது, அதைக் கேலி செய்வதற்கில்லை. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, நிலையான கட்டணத்துக்கான வணிகக் காப்புறுதி ஒப்பந்தத்தில் 'கரர்' எனும் நிச்சயமின்மை மிகுந்திருப்பதால் அது கூடாது என்றது. அதே தீர்மானம் பரஸ்பர உதவியில் நிற்கும் கூட்டுறவுக் காப்புறுதியை மாற்றாகக் காட்டியது. சூடானில் 1979இலேயே அது தொடங்கியிருந்தது. மலேசியா 1984இல் தகாபுலுக்கெனத் தனிச் சட்டம் கொண்டு வந்தது. இலங்கையிலும் 1999 முதல் தகாபுல் இருக்கிறது. முதற்பாதியை மனப்பாடம் செய்த நம்மவர்கள் பலர் இரண்டாம் பாதியைத் தவற விட்டதில் ஒரு வசதி இருக்கிறது, பணம் மிச்சம்.

காப்புறுதி செய்தவர்களிலும் போதுமான அளவு செய்தவர்கள் குறைவு. பலரிடம் இருப்பது வங்கிக் கடனுக்காக எடுத்த பொலிசி. அது முதலில் காப்பது வங்கியின் பணத்தை. தீக் காப்புறுதியில் புயலும் வெள்ளமும் பெரும்பாலும் தனியாகச் சேர்க்க வேண்டியவை. மண்சரிவு எழுதப்பட்டிருக்கிறதா என்பதைத் தனியே கேட்டு வாசித்துப் பார்க்க வேண்டும். மலையில் இருப்பவனுக்கு மண்சரிவு இல்லாத புயல் பொலிசி பாதிக் குடை. அடுத்தது தொகை. 2022இல் ரூபா விழுந்து, சீமெந்தும் கம்பியும் தகரமும் ஏறிய பிறகு, அதற்கு முன் எழுதிய தொகை எதற்கும் காணாது. அதில் இன்னொரு சிக்கலும் உண்டு. திரும்பக் கட்ட 80 இலட்சம் ரூபா தேவைப்படும் வீட்டை 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவர், 10 இலட்சம் சேதத்துக்குப் பத்தும் கிடைக்கும் என்று நினைக்கிறார். 'சராசரி' என்ற நிபந்தனை பொலிசியில் இருந்தால் கிடைப்பது ஐந்துதான். மிச்சப் பாதிக்கு அவரே தனக்குக் காப்புறுதியாளர் என்பது அதன் பொருள். இதை அநியாயம் என்பார்கள். யோசித்துப் பார்த்தால், அரைவாசிப் பங்கு கட்டியவர் பொது நிதியிலிருந்து முழுப் பங்கு எடுப்பதுதான் மற்ற அங்கத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். நிபந்தனையைச் சிறிய எழுத்தில் அச்சடித்துவிட்டு வாயால் சொல்லாமல் விடும் முகவரின் கணக்கு வேறு.

இவ்வளவும் வீட்டுச் சொந்தக்காரருக்கு. எங்கள் மலையில் வீட்டுச் சொந்தக்காரர் யார்?

சூறாவளிக்குப் பின் கொழுந்தெடுக்கும் ஒரு பெண்மணி என்னிடம் கேட்டார்: "சேர், இன்சூரன்ஸ் போடணும்னா உறுதி கேப்பாங்களாமே. எங்க லயத்துக்கு உறுதி யாருகிட்ட இருக்கு?" நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார்: "எங்க தாத்தா பொறந்த காம்பிரா சேர் அது."

தனக்குச் சொத்துரிமையோ வேறு சட்டப் பொறுப்போ இல்லாத கட்டடத்தைக் காப்புறுதி செய்ய முடியாது. விழுந்தால் சட்டத்தின் கண்ணில் நட்டப்படுபவராக இருந்தால்தான் பொலிசி செல்லும். வேறொருவரின் வீட்டைக் காப்புறுதி செய்து அது எரியட்டும் என்று காத்திருப்பதைத் தடுக்க வந்த நல்ல விதி அது. தாத்தா காலத்திலிருந்து அந்தக் கூரைக்குக் கீழே சமைத்துப் பிள்ளை பெற்று வாழ்பவரை, அதே விதி கூரை விழுந்தால் நட்டப்படாதவர் என்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியையும் அலுமாரியையும் அவர் காப்புறுதி செய்யலாம். சுவரைச் செய்ய முடியாது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் தொடங்கிய 53 ஆண்டுக் காலக் குத்தகையில் பெரும்பாலான தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, ஒழுகும் கூரை மட்டும் தொழிலாளியுடையது.

கொஸ்லந்தை மீரியபெத்தையை மறக்க முடியுமா? 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போக இடம் இல்லை. உயிர் தப்பியவர்கள் நீண்ட காலம் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் கிடந்தார்கள். பொலிசி கையில் இருந்த ஒருவர் அப்படிக் காத்திருக்க வேண்டியிருக்குமா?

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2016இல் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக நாடு முழுவதற்கும் ஒரு அனர்த்தக் காப்புறுதி வந்தது. வீடொன்றுக்கு 25 இலட்சம் ரூபா வரை. 'தித்வா'வுக்குப் பின் முற்றாக அழிந்த வீடுகளுக்கு 50 இலட்சம் வரை என்று அரசு அறிவித்தது. நல்லது. ஆனாலும் நிவாரணம் ஒரு தயவு. அரசு மாறினால், திறைசேரி காலியானால் அது சுருங்கும். அறிவித்ததைப் பெற ஒருவர் தன் துயரத்தை அதிகாரிக்கு முன் நிரூபித்து நிற்க வேண்டும். காப்புறுதியிலும் படிவமும் மதிப்பீட்டாளரும் உண்டு. அங்கே நிற்பவர் கேட்பது தன் ஹக்கை. ஸதகாவை ஏற்பதில் இழிவில்லை. ஹக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஸதகா வந்து உட்கார்வதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

ஆகவே கடமையைச் சரியான ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். கட்டடம் யாருடையதோ, வாழ்பவரிடமிருந்து உழைப்பை யார் பெறுகிறாரோ, அவரே லயத்தைத் திரும்பக் கட்டும் முழுத் தொகைக்கு, மண்சரிவும் சேர்த்துக் காப்புறுதி செய்யட்டும். பயன் பெறுபவராக அங்கே குடியிருக்கும் குடும்பத்தின் பெயர் எழுதப்படட்டும். அல்லது ஏழு பேர்ச் நிலத்துக்கேனும் உறுதியைக் கையில் கொடுத்து, கட்டணத்தில் ஒரு பங்கையும் ஏற்கட்டும். புதிதாக உறுதி பெறும் குடும்பங்களுக்கு முதல் சில ஆண்டுகளின் தகாபுல் பங்களிப்பை ஸகாத் நிதியிலிருந்து கொடுக்கலாமா என்பதை உலமாக்கள் ஆராயலாம். முஸ்லிம் அல்லாத அயலவருக்கும் எட்டும்படி ஸதகா நிதியில் அதற்கு வழி செய்யலாம். குத்தகைக் காலம் 2045இல் முடிகிறது. புதிய பத்திரத்தில் பார்த்துக் கொள்ளலாம் என்று இதை ஒத்திப்போட முடியாது; அதற்குள் இந்த மலையில் இன்னும் ஏறத்தாழ இருபது மழைக்காலங்கள் வரும்.