பாவநிவாரண நாளில் ஊதும் எக்காளம்

2026 ஜூன் 28, அமெரிக்காவின் தென் கரோலினாவிலுள்ள சார்ல்ஸ்டன் நகரத்துக்குப் பெரிய நாள். சரியாக 250 ஆண்டுகளுக்கு முன், சர் பீட்டர் பார்க்கர் தலைமையில் வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் துறைமுக வாயிலில் இருக்கும் சல்லிவன் தீவுக் கோட்டையைப் பகல் முழுதும் பீரங்கியால் தாக்கின. கோட்டை அரைகுறையாகத்தான் நின்றது. பால்மெட்டோ என்னும் பனையினத்து மரங்களை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவே பதினாறு அடி அகலத்துக்கு மணல் கொட்டி எழுப்பிய சுவர்கள் அவை. அந்த மரத்துக்கு நார் அதிகம், வைரம் இல்லை. குண்டு பட்டால் பிளக்காமல் உள்வாங்கிக்கொண்டது. கொடிக்கம்பம் முறிந்து விழுந்தபோது சார்ஜெண்ட் ஜாஸ்பர் குண்டுமழைக்கு நடுவே இறங்கிக் கொடியை மீட்டு மறுபடி நாட்டினார். கர்னல் வில்லியம் மவுல்ட்ரியின் படை நிலைத்தது, கப்பல்கள் பின்வாங்கின. சுதந்திரப் பிரகடனம் நிறைவேறுவதற்கு ஆறு நாள் முன்பே கிடைத்த வெற்றி அது. மாநிலக் கொடியில் இன்றைக்கும் பால்மெட்டோ மரம் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்த நாளைக் கரோலினா நாள் என்று மணியோசையோடும் ஊர்வலத்தோடும் கொண்டாடுகிறார்கள். கோட்டையையும், கடற்கரைப் பூங்காவையும், வண்ணம் பூசிய பழைய வீட்டு வரிசையையும் பார்க்கக் கூட்டம் கூட்டமாக மக்கள் வருகிறார்கள்.

அதே சல்லிவன் தீவில்தான் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களை, நகரச் சந்தைக்கு அனுப்புமுன், தொற்றுநோய்க்கு அஞ்சி அடைத்துவைத்த கூடங்களும் இருந்தன. வட அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் சார்ல்ஸ்டன் வழியாக வந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. கோட்டைச் சுவருக்காக மரம் சுமந்தவர்களிலும் அடிமைகள் இருந்தார்கள். சுருண்ட பாம்பு வரைந்த மஞ்சள் கொடியால் இன்றும் நினைக்கப்படுகிற விடுதலை வீரர் கிறிஸ்டோபர் காட்ஸ்டன் இந்த ஊர்க்காரர். அவர் கட்டிய காட்ஸ்டன் துறையில்தான் 1806 முதல் நகரத்துக்கு வந்த அடிமைக் கப்பல்கள் அனைத்தும் சரக்கிறக்கின. 1803இல் தென் கரோலினா ஆப்பிரிக்க அடிமை வணிகத்தை மறுபடி திறந்துவிட்டதற்கும், 1808இல் நாடு முழுவதும் தடை வந்ததற்கும் இடையில் சுமார் 40,000 மனிதர்கள் இங்கே விற்பனைக்கு இறக்கப்பட்டார்கள். விடுதலைக்காகப் போரிட்ட கைகளே விலங்கு பூட்டிய ஓர் ஊரில் விடுதலையைக் கொண்டாடுவது அறத்துக்குப் பொருந்துமா? பொருந்தும் என்பதே என் விடை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நன்றியும் பாவ அறிக்கையும் ஒரே நாளில் ஒரே வாயிலிருந்து வரவேண்டும். பின்னது இல்லாவிட்டால் முன்னதும் பொய்யாகிவிடும்.

இந்த நிபந்தனையை நான் வெளியிலிருந்து கொண்டுவந்து சுமத்தவில்லை. அமெரிக்க விடுதலையின் சின்னமாகிய பிலடெல்பியா விடுதலை மணியில் பொறிக்கப்பட்டிருப்பது லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்த வாசகம். ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் யூபிலி ஆண்டில் தேசமெங்கும் விடுதலையை அறிவிக்கவேண்டும் என்று இஸ்ரவேலருக்கு இடப்பட்ட கட்டளை அது. 1830களில் அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் அந்த வாசகத்தைக் கையில் எடுத்த பிறகுதான் அந்த மணிக்கு விடுதலை மணி என்ற பெயரே பரவியது. 250 ஆண்டு என்பது ஐந்து யூபிலி. இப்போது மணியில் இடம்பெற்ற பத்தாம் வசனத்துக்கு முந்தைய ஒன்பதாம் வசனத்தைப் பார்க்கவேண்டும். யூபிலி எக்காளம் எந்த நாளில் ஊதப்படவேண்டும் என்று அது சொல்கிறது: ஏழாம் மாதம் பத்தாம் நாள், பாவநிவாரண நாளில். ஜனம் முழுவதும் தன்னைத் தாழ்த்தி, தன் குற்றங்களைக் கடவுள்முன் ஒப்புக்கொள்ளும் அதே நாளில் விடுதலையின் எக்காளம் ஒலிக்கவேண்டும். எக்காளம் ஒலித்த பிறகு நடப்பதும் வெறும் கூத்தாட்டம் அன்று. கடனால் அடிமைப்பட்டவன் வீடு திரும்புகிறான். விற்றுப்போன பரம்பரை நிலம் அந்தக் குடும்பத்துக்கே திரும்புகிறது. கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் இந்த வரிசையின் நியாயத்தை உணரமுடியும். தவறை ஒப்புக்கொள்ளுதல் முதலில், மகிழ்ச்சி அதன்மேல், திருப்பிக் கொடுத்தல் அதன் விளைவு.

அந்த அதிகாரத்தைத் துணைக்கு அழைப்பவர் அதன் இருண்ட பகுதியையும் மறைக்கக்கூடாது. 44ஆம் வசனம் முதல், அந்நிய ஜாதியாரை விலைக்கு வாங்கி என்றென்றைக்கும் அடிமைகளாக வைத்துக்கொள்ள அதே அதிகாரம் அனுமதிக்கிறது. தெற்கத்தி அடிமை உடைமையாளர்கள் இந்த வசனங்களை விடாமல் எடுத்துக்காட்டினார்கள். விடுதலையை அறிவிக்கும் ஏடே விடுதலைக்கு வேலி போடுகிறது. சுதந்திரப் பிரகடனத்துக்கும் இதே கதிதான் நேர்ந்தது. ஜெஃபர்சன் எழுதிய முதல் வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டிக்கும் ஒரு பத்தி இருந்தது. தென் கரோலினாவையும் ஜார்ஜியாவையும் திருப்திப்படுத்தவே அது நீக்கப்பட்டது என்றும், அந்த வணிகத்துக்குக் கப்பல் ஓட்டிய வடக்கத்தியருக்கும் அது உறுத்தியது என்றும் அவரே தன்வரலாற்றில் எழுதினார். அந்தப் பத்தியை எழுதியவரும் நூற்றுக்கணக்கான அடிமைகளை உடையவர். வேதத்திலும் பிரகடனத்திலும் சொல்லப்பட்ட கொள்கை, சொன்னவர்களைவிடப் பெரியதாக இருந்தது. அப்படிப்பட்ட கொள்கைக்கு உண்மையாக இருக்க ஒரே வழி, வேலி எங்கே போடப்பட்டது, யார் போட்டார்கள் என்று அறிந்து அதைப் பிடுங்குவதுதான். சொன்னவர்களைக் குறையற்றவர்களாகக் காட்டினால், வேலியும் சேர்ந்து புனிதமாகிவிடும்.

இதற்கு முதலில் எழும் மறுப்பு: செய்தவர்கள் செத்து மண்ணாகிவிட்டார்கள், இன்று பிறந்தவன்மேல் எதற்குப் பழி? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒருவன் செய்யாத குற்றத்துக்கு அவனைத் தண்டிப்பதை எந்த நல்ல சட்டமும் ஏற்காது. ஆனால் இதே கேள்வியைப் பெருமையிடமும் கேட்கவேண்டும். ஜாஸ்பர் கொடி நாட்டியபோது இன்று ஊர்வலத்தில் நடப்பவர் யாரும் பிறந்திருக்கவில்லை. அந்தத் துணிச்சலை 'நம்முடையது' என்று சொல்ல உரிமை உண்டென்றால், அந்த உரிமை பரம்பரை வழியாக மட்டுமே வந்திருக்கமுடியும். தகப்பன் வீட்டை ஏற்றுக்கொண்ட பிள்ளை, அந்த வீட்டின் பேரில் உள்ள கடனை எனக்குத் தெரியாது என்று சொல்லமுடியாது. பெற்ற சொத்தின் அளவுக்கு அவன் கடனுக்குப் பொறுப்பு, அதற்குமேல் இல்லை. தேசத்துக்கும் இந்த அளவே சரி. இன்றைய சார்ல்ஸ்டன்காரர் யாரும் அடிமை வணிகக் குற்றவாளி அல்லர். ஆனால் அந்த நகரத்தின் பழைய மாளிகைகளும் நிலங்களும், அவற்றைக் காட்டி ஈட்டும் சுற்றுலா வருமானமும் அடிமைகளின் நெல் வயல்களிலிருந்தும் கொத்துவேலையிலிருந்தும் எழுந்தவை. பெற்றதைப் பெற்றோம் என்று சொல்லிக்கொண்டு, பட்ட கடனை மட்டும் அந்நியமாக்குவது கணக்குக்கு ஒவ்வாது.

அடுத்த மறுப்பு இன்னும் நுட்பமானது. அக்காலத்து மனிதர்களை அக்காலத்து அளவுகோலால்தான் அளக்கவேண்டும் என்பார்கள். அப்படியே அளப்போம். ஹென்றி லாரன்ஸ் சார்ல்ஸ்டனின் மிகப் பெரிய அடிமை வணிகர்களில் ஒருவராக இருந்தவர். பின்னர் புரட்சிக்கால அமெரிக்கக் காங்கிரஸின் தலைவரானவர். பிரகடனம் அந்நகரை எட்டிய சில நாளில், 1776 ஆகஸ்ட் 14 அன்று, மகன் ஜானுக்கு எழுதிய கடிதத்தில் அடிமைமுறையைத் தான் வெறுப்பதாகவும், தன் அடிமைகளை விடுவிக்க வழி தேடுவதாகவும் சொன்னார். ஆனாலும் அவர்களில் மிகப் பெரும்பாலோரை அவர் விடுவிக்கவில்லை. தவறு என்று தெரியாமல் செய்தார் என்று அவருக்காக வாதாட அவருடைய கடிதமே இடம் கொடுக்காது. ஓராண்டுக்கு முந்தைய இன்னொரு நிகழ்வையும் நினைக்கவேண்டும். தாமஸ் ஜெரமையா சுதந்திரமான கறுப்பின மனிதர், துறைமுகத்தின் மணல்திட்டுகளை நன்றாக அறிந்து கப்பல்களுக்கு வழிகாட்டியவர், செல்வர், தானே அடிமைகளை வைத்திருந்தவரும்கூட. பிரிட்டிஷாருக்குத் துணையாக அடிமைகளைக் கலகத்துக்குத் தூண்டினார் என்று குற்றம் சாட்டி, 1775 ஆகஸ்ட் 18 அன்று விடுதலைக் கட்சியினர் அவரைத் தூக்கிலிட்டு உடலை எரித்தார்கள். இது அநீதி என்று ஆளுநர் வில்லியம் கேம்பல் அப்போதே மன்றாடினார். ஆக, அக்காலத்தின் அளவுகோல் ஒன்றாக இருக்கவில்லை. எதிர்த்துச் சொன்ன குரல்கள் அன்றே இருந்தன; விலங்கிடப்பட்டவர்களின் தீர்ப்போ ஒருபோதும் கேட்கப்படவே இல்லை. அக்காலத்து மனிதர் என்னும்போது அவர்களையும் எண்ணிக்கொண்டால், அந்த அளவுகோல் நம்முடையதைவிடக் கடுமையானது.

மூன்றாவது மறுப்பைப் பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனான் 1882இல் தேசம் என்பது எது என்ற சொற்பொழிவில் முன்வைத்தார். தேசமாகச் சேர்ந்து வாழ, மக்கள் பலவற்றை மறந்தாக வேண்டும் என்பது அவர் கருத்து. பழம்புண்ணைக் கிளறினால் ஒற்றுமை குலையும், விழாவின் மகிழ்ச்சியும் போகும் என்று இன்று சொல்பவர்களின் கவலையும் இதுவே. அது அற்பமான கவலை அன்று. ஆனால் மறதி எல்லோருக்கும் சமமாகக் கிடைத்ததா என்பதற்குச் சார்ல்ஸ்டனின் சாட்சியம் தெளிவானது. 1865 மே 1 அன்று, உள்நாட்டுப் போர் ஓய்ந்த கையோடு, நகரத்தின் பழைய குதிரைப் பந்தயத் திடலில் சிறைப்பட்டு இறந்த வடக்குப் படைவீரர் 257 பேரின் புதைகுழிகளைச் சீர்செய்து, சுமார் 10,000 பேர் திரண்டு மலர் தூவினார்கள். பெரும்பாலோர் விடுதலை பெற்ற அடிமைகள். பள்ளிப் பிள்ளைகள் பூக்களுடன் முன்னே நடந்தார்கள். தொடர்ந்த ஆண்டுகளில் சுதந்திர நாளான ஜூலை 4 அன்று கடற்கரைப் பூங்கா கறுப்பினக் குடும்பங்களால் நிறைந்தது. வெள்ளையர் ஆட்சி திரும்பியபின் இந்த நினைவுகள் நகரத்தின் நடுவிலிருந்து தள்ளப்பட்டன. பந்தயத் திடலின் அந்த நாள் பொது நினைவிலிருந்தே அழிந்து, நூறாண்டுக்கும் மேல் கழித்து வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட்டால் மீட்கப்பட்டது. அடிமைமுறை நன்மையே என்று வாதிட்ட ஜான் கால்ஹூனுக்கோ 1896இல் வானளாவிய தூண்மேல் சிலை நின்றது; 2020 ஜூனில்தான் அது இறக்கப்பட்டது. ஆகவே இங்கே மறதி என்பது ஒரு சாரார் நினைவை அழித்து மறுசாரார் நினைவைக் கல்லில் ஏற்றிய வேலை. அப்படி வந்த ஒற்றுமையில் பாதி ஊருக்குப் பங்கில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு வரும்: கறை இவ்வளவு ஆழமென்றால் விழாவே எதற்கு, கைவிட்டுவிடலாமே என்று. இதை ஏற்கத் தயங்குவதற்கு என்னிடம் உள்ள வலுவான காரணம், அடிமைப்பட்டவர்களே விழாவைக் கைவிடவில்லை என்பதுதான். அடிமையாயிருந்து தப்பிய பிரடெரிக் டக்ளஸ் 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டர் நகரில் பேசியபோது, அடிமைக்கு ஜூலை 4 ஏளனமாகவே தெரியும் என்று இடித்துரைத்தார். ஆனால் பிரகடனத்தின் கொள்கைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றும் அதே உரையில் வேண்டினார். சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் அடிமையாகக் கப்பல் ஓட்டிய ராபர்ட் ஸ்மால்ஸ், 1862 மே மாதம் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தெற்குக் கூட்டமைப்பின் பிளான்டர் என்ற கப்பலைக் கைப்பற்றி, தன் குடும்பத்தையும் தோழர்களையும் ஏற்றிக்கொண்டு, கோட்டைகளுக்கு உரிய அடையாள ஒலியை எழுப்பித் தப்பினார். பிறகு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். மவுல்ட்ரியும் ஸ்மால்ஸும் ஒரே நீர்ப்பரப்பில் ஒரே விடுதலைக்காகத் துணிந்தவர்கள். விழாவைக் கைவிட்டால் இழப்பு ஸ்மால்ஸுக்கும்தான். விழாவை விரிக்கவேண்டும், அணைக்கக்கூடாது.

சார்ல்ஸ்டன் இந்தப் பாதையில் கால் வைத்திருக்கிறது என்பதை மனமார மதிக்கவேண்டும். 2018 ஜூன் 19 அன்று நகரமன்றம் அடிமைமுறையில் நகரத்தின் பங்குக்காக மன்னிப்புக் கோரும் தீர்மானத்தை 7க்கு 5 என்ற வாக்கில் நிறைவேற்றியது. 2023 ஜூனில் காட்ஸ்டன் துறை இருந்த இடத்திலேயே சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கட்டடம் பதினெட்டுத் தூண்கள்மேல் தரையிலிருந்து பதின்மூன்று அடி உயரத்தில் நிற்கிறது. அந்த மண்ணை மிதிக்கத் தகாத மண்ணாக எண்ணியே அப்படி உயர்த்தினார்கள். கீழே, கடலோரத்தில், கப்பல் தட்டில் நெருக்கிக் கிடத்திய மனித உருவங்கள் தரையில் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஓதம்போல நீர் ஏறி அவற்றை மூடுகிறது, பிறகு வடிந்து காட்டுகிறது. பார்க்கத்தக்க இடம் என்ற சொல்லுக்கு ஒரு நகரம் கொடுக்கக்கூடிய உயர்ந்த பொருள் இது.

ஆனால் யூபிலி சொல்லோடும் சிற்பத்தோடும் முடிவதில்லை; நிலத்தில் முடிகிறது. விடுதலைக்குப் பின் கரோலினாக் கடற்கரையில் அடிமைகளின் வழிவந்த கல்லா கீச்சி மக்கள் காசு சேர்த்து வாங்கிய நிலங்கள் பல, உயில் எழுதப்படாமல் வாரிசுகள் எல்லோருக்கும் பொதுவாக இறங்கின. ஒரே ஒரு வாரிசின் பங்கை வாங்கிய வெளியார், நீதிமன்றத்தில் பிரிவினை கேட்டு, முழு நிலத்தையும் அடிமாட்டு விலைக்கு ஏலம்விடச் செய்ய முடிந்தது. கடற்கரை உல்லாச விடுதிகள் பெருகப் பெருக இந்த இழப்பும் பெருகியது. இதற்கு மாநிலத்தின் பதில் ஒரு படுகொலைக்குப் பிறகே வந்தது. 2015 ஜூன் 17 இரவு, கால்ஹூன் பெயர் தாங்கிய தெருவிலுள்ள இமானுவேல் தேவாலயத்தில், வேதபாடம் படித்துக்கொண்டிருந்த ஒன்பது பேரை வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்றான். அவர்களில் ஒருவர் போதகரும் மாநில மேலவை உறுப்பினருமான கிளமென்டா பிங்க்னி. அடுத்த ஆண்டு, இத்தகைய குடும்ப நிலங்கள் ஏலத்தில் பறிபோவதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றிய மாநிலம், அதற்கு அவர் பெயரை இட்டது. கொலையானவர்களின் உறவினர் சிலர் இரண்டே நாளில் கொலைகாரனை மன்னித்தார்கள். அந்த மன்னிப்பு அவர்கள் தாமாக ஈந்த கொடை. அதைக் காட்டி ஊர் தன் கடனைத் தீர்ந்ததாக எழுதிவிட முடியாது. நிலச் சட்டம்தான் ஊர் தரப்பிலிருந்து கிடைத்த பதில்களில் யூபிலியின் பொருளுக்கு மிக அருகே வந்தது.

எனவே ஆண்டுவிழாவுக்கு நான் முன்வைக்கும் அளவுகோல் இதுதான். கரோலினா நாளில் மவுல்ட்ரியின் பெயரும் ஜாஸ்பரின் பெயரும் முழங்கட்டும். அவர்கள் துணிவு உண்மையானது. அதே மேடையில் ஜெரமையாவின் தூக்கும், தீவுக் கூடங்களில் மாண்டவர்களும், மரம் சுமந்த பெயர் தெரியாதவர்களும் நினைக்கப்படட்டும். அதற்குமேல், ஒவ்வொரு விழா முடிவிலும் நகரம் ஒரு கேள்விக்குக் கணக்கு ஒப்பிக்கட்டும்: சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு யாருடைய நிலம் காக்கப்பட்டது, யாருக்கு உரியது திரும்பியது? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடிகிற ஊர் எவ்வளவு வாணவேடிக்கை விட்டாலும் தகும். விடுதலையைப் பெற்றதற்கு நன்றி சொல்லும் தகுதி, அதை மறுக்கப்பட்டவர்களுக்குத் தருவதால்தான் வருகிறது.