வாக்கும் பிறப்புரிமையும்

உரிமையாவது அரசு அளிக்கும் கொடையோ, மக்கட்பிறப்போடு உடன்வருவதோ என்பது ஆராயத்தக்கதொரு வினா. வாக்கே உரிமைக்கெல்லாம் தாய் என்பார் பலர். அவர் கூற்றுப் பொருந்தாமையை மலையகத் தோட்டத் தொழிலாளர் வரலாறு கொண்டே ஈண்டு ஆராய்வாம்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று; நுவரெலியாவில் வென்றவர் சௌ. தொண்டமான். மறு ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தையேனும், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று காட்டுக என்றது அது. லயக் காம்பிராவில் வாழ்ந்தோர் பூட்டன் பிறப்புக்குச் சான்று எங்ஙனம் காட்டுவர்? 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை இல்லார்க்கு வாக்கும் இல்லை என்றது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரஸ் சார்பில் ஒருவரும் பாராளுமன்றம் புகுந்திலர்.

உற்றுநோக்கத்தக்கது ஒன்றுண்டு. 1948இல் அம்மக்களுக்கு வாக்கு இருந்தது. அவர் அனுப்பிய எழுவரும் அவையில் இருந்தனர். எனினும் பெரும்பான்மையோர் கை உயர்த்தினர், சட்டம் நிறைவேறிற்று. வாக்கு உரிமையைக் காத்திலது. வாக்கே உரிமையைப் பறித்தது. ஒரு சமூகத்துக்கு மட்டும் தடை விதித்தல் ஆகாது என்ற சோல்பரி அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவும் உதவிற்றிலது. 1953இல் கோமறைக் கழகம் அச்சட்டங்கள் செல்லுபடியாகும் என்றே தீர்த்தது.

பலர் செய்தமையால் ஒரு செயல் அறமாகிவிடுமோ? வகுப்பறையை நோக்குக. மாணவர் நாற்பதின்மர் கைதூக்கித் தம் தலைவனைத் தெரிந்துகொள்ளலாம். ஒருவன் சோற்றுப்பொதியைப் பறித்துப் பங்கிடுக என முப்பத்தொன்பதின்மர் கைதூக்கின், அது கொள்ளையேயாம். தனியொருவனுக்கு இல்லாத அதிகாரம் பலர் கூடியமாத்திரத்தே பிறவாது. உடலும், உழைப்பும், உழைத்தீட்டிய பொருளும், மனச்சான்றும் அவனவனுக்கே உரியன. அவற்றைக் காத்தற்கே அரசு தோன்றிற்று என்பது 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர் ஜோன் லொக் நிறுவிய கொள்கை. உயிர் ஒருவராற் படைக்கப்பட்டதன்று, அநாதி எனக் கற்பிக்கும் நமக்கு இக்கருத்து அயலதன்று.

அற்றேல், வாக்கினின்றும் பிறவாத உரிமை வாக்கிழப்பினால் கெடுமாறு யாங்ஙனம் எனின், கூறுதும். வாக்கு பயிரன்று, வேலி. வேலியிழந்த பயிரின் கதி 1964 அக்டோபர் 30ஆம் நாள் வெளிப்பட்டது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் வகுத்து, எஞ்சிய 150,000 பேரைப் பின்னொரு முடிவுக்கு விட்டது. கொழுந்து நிறுப்பார்போல இரு அரசுகளும் மக்களைப் பங்கிட்டன. எங்கு வாழ விரும்புகின்றீர் என அவர்களைக் கேட்டில. அம்மக்களுள் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இலேதான் வந்தது. குடியுரிமை மீண்டது, இடையிற் கழிந்த தலைமுறைகளின் வாழ்வு மீளுமோ?

ஆசிரிய அன்பர்காள்! அட்டன், நுவரெலியாப் பள்ளிகளிற் குடியியல் கற்பிக்குங்கால் வாக்களிக்கும் முறையைக் கற்பிப்பதோடு அமையற்க. வாக்கெடுப்புக்கு விடலாகாதவை இவை என்பதனையும் கற்பிக்க. நாம் சிலராயிருந்து வருந்தியபோது விளங்கிய இவ்வறம், நம் ஊர்ச் சபையிலும் கோயிற் சபையிலும் நாம் பலராயிருக்கும்போதும் விளங்குதல் வேண்டும். அப்போதே நாம் அதனை மெய்யாகக் கற்றவராவோம்.