கை நடுங்கட்டும், கோடு போடு!

வண்ணப்பெட்டி வாங்கி எத்தனை மாதம் ஆகிறது?

பீரோவுக்கு மேலே, உறைகூடப் பிரிக்காமல் தூசி படிந்து கிடக்கிறதே, அதைத்தான் கேட்கிறேன்!

நேரம் இல்லை என்பாய். நேற்று ராத்திரி பன்னிரண்டு மணிவரை செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தது யார்?

காசு இல்லை என்பாய். ஆம்பூரில் இறங்கி ஒரு பிரியாணி சாப்பிடுகிற காசுக்கு வாட்டர்கலர் டப்பா ஒன்று வரும். பிரியாணியை விடச் சொல்லவில்லை. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்! டப்பாவையும் வாங்கு என்கிறேன்.

வயசாகிவிட்டது என்பாய்.

அப்படியா? ஜோதையா பாய் பைகா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறாயா?

மத்தியப் பிரதேசம், உமரியா மாவட்டம், லோர்ஹா கிராமம். பைகா பழங்குடிப் பெண். கணவர் போனபிறகு கூலி வேலை செய்து, விறகு விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர்.

எழுபதை ஒட்டிய வயதில், ஆசிஷ் சுவாமி என்ற ஓவிய ஆசிரியரிடம் தூரிகை பிடிக்கக் கற்றார். புலி வரைந்தார். இலுப்பை மரம் வரைந்தார். படங்கள் இத்தாலியின் மிலான் நகரம்வரை போயின. 2023இல் பத்மஸ்ரீ. 2024 டிசம்பரில் மறைந்தார்.

அந்தக் கையைவிட உன் கைக்கு வயசு கூடுதலா?

விருதை விடு! விருதுக்காக இதைச் சொல்லவில்லை. விறகு கட்டிய கையால் அந்த அம்மா முதல் கோடு போட்டாரே, அந்த நிமிஷம்! அதைத்தான் நீ வருஷக்கணக்காகத் தள்ளிப்போடுகிறாய்.

உண்மையைச் சொல்லட்டுமா? உனக்குப் பயம்!

படம் கெட்டுப்போகும் என்றா? அதுகூடப் பரவாயில்லை. கெட்டுப்போன படத்தை நாலு பேர் பார்த்துவிட்டால்?

மச்சான் சிரிப்பான். வீட்டில், "இதென்ன, பூசணிக்காயா?" என்பார்கள்.

கேட்கட்டுமே! உனக்குச் சோறு போடுகிற தொழிலா அது? முதலாளி இல்லை. கெடு இல்லை. மார்க் இல்லை. விற்றே தீரவேண்டும் என்கிற நெருக்கடி இல்லை. ஓவியத்தை நம்பிப் பிழைப்பவர்கள் பொறாமைப்படுகிற சொகுசு உன்னுடையது!

அதைக் கையில் வைத்துக்கொண்டா நடுங்குகிறாய்?

நடுங்கினாலும் சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பு. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் பஸ். ஜன்னலோரம் உட்கார். கோலப்பன் ஏரிக்கரையோ, சாமைக் கொல்லை ஓரமோ, ஒரு புளியமரத்தடியோ, எங்கே நிழல் இருக்கிறதோ அங்கே இறங்கி உட்கார்.

எதிரே ஜவ்வாதுமலை அடுக்கடுக்காய் நிற்கும். பெட்டியைத் திற!

முதலில் என்ன செய்வாய் தெரியுமா? மலை என்றதும் டப்பாவிலிருக்கும் பச்சையை எடுத்து அப்படியே அப்புவாய். மலை, பிளாஸ்டிக் வாளி மாதிரி பளபளக்கும்!

பதறிப்போவாய். மேலே கொஞ்சம் பழுப்பு. அதற்கு மேல் நீலம். போதாதென்று கறுப்பு. ஈரம் காயும் முன்னே நாலும் கலந்து சேறாகும். தாள் தண்ணீர் குடித்து அலை அலையாய் எழும்பும்.

முக்கால்வாசிப் பேர் பெட்டியை மூடுவது இங்கேதான். "எனக்கு வராது."

முதல் நாளே யாருக்கு வந்தது?

மூடாதே! தலையைத் தூக்கு! மலையைப் பார்! இவ்வளவு நேரம் உன் மனசில் இருந்த மலையை வரைந்தாய். எதிரே நிற்கும் மலையை இப்போதுதான் பார்க்கப்போகிறாய்.

கடைசி அடுக்கு பச்சையா? வெளிறிய நீலம்! வானம் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்றே சட்டென்று பிடிபடாது. அதற்கு முன் அடுக்கு, கொஞ்சம் அழுத்தமான சாம்பல் நீலம். நடுவிலிருக்கும் காற்று ஒளியைச் சிதறடிப்பதால், தூரம் கூடக்கூட நீலம் ஏறும். பச்சை என்பது பக்கத்து மரத்தில்தான். அதிலும் பாதி மஞ்சள்!

அடுத்த தாளை எடு. நாலு ஓரமும் அட்டையோடு டேப் போட்டு ஒட்டு. அட்டையைச் சற்றே சாய்த்து வை. தண்ணீர் நிறைய, நீலம் துளி. கடைசி அடுக்கை ஒரே இழுப்பில் இழு.

இப்போது கையைக் கட்டு! காயவிடு. புறங்கையால் தொட்டுப் பார். தாள் சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். சில்லிப்பு போனபிறகுதான் அடுத்த அடுக்கு.

காய்வதற்காகக் காத்திருப்பாயே, அந்தப் பத்து நிமிஷம்! கண் மலைமேல் இருக்கும். கடன் ஞாபகம் வராது. மேலதிகாரி முகம் வராது. செல்போன் எங்கே வைத்தாய் என்பதே மறந்திருக்கும்.

அதுதான் நீ தேடிய சந்தோஷம்! நல்ல படம் வந்தால்தான் அது கிடைக்கும் என்று உனக்கு யார் சொன்னது?

அந்த ருசிக்காக மறுபடி வருவாய். வந்தால் கை பழகும். கை பழகினால் தன்னம்பிக்கை தானாக வரும். தன்னம்பிக்கை வரட்டும், பிறகு வரையலாம் என்று உட்கார்ந்திருந்தால், உட்கார்ந்தே இருக்கவேண்டியதுதான்!

இதே மலையில் காவலூர் இருக்கிறது. வைணு பாப்பு வானாய்வகம். 1986இல் திறந்த பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி விட்டம் 2.34 மீட்டர். அம்மாம் பெரிய கருவியும் மேகம் மூடினால் சும்மா நிற்கும். மழைக்காலத்தில் எத்தனையோ ராத்திரிகள் வீண்.

அதற்காக ஆய்வாளர்கள் மலையை விட்டு இறங்கிவிட்டார்களா? அந்தப் பெரிய கருவி வருவதற்கு முன்பே, 1977இல் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று காட்டிய பதிவுகளில் காவலூர் பதிவும் ஒன்று! மேகம் வந்தால் மூடுவார்கள். மறுநாள் ராத்திரி திறப்பார்கள். உனக்கு ஒரு தாள் சேறானதும் உலகம் இருண்டுவிட்டதா?

தாகூரைப் பார்! கையெழுத்துப் பிரதியில் அடித்த வரிகளை ஒன்றோடொன்று இணைத்தார். பறவை வந்தது. விலங்கு வந்தது. முகம் வந்தது. அடித்தலிலிருந்து படம்! முறையான பயிற்சி இல்லாமல், அறுபதைத் தாண்டிய வயதில் தீவிரமாக வரையத் தொடங்கி, 1930இல் பாரிசில் கண்காட்சி வைத்தார். விட்டுச்சென்ற படங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்குச் சரியாகப் பிரிபட்டிருக்காது என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

நோபல் வாங்கிய மனிதர், அவருக்கென்ன என்கிறாயா? யோசி! அவர் சொதப்பினால் உலகமே சிரிக்கும். உன்னைப் பார்த்துச் சிரிக்க இருப்பது மச்சான் ஒருத்தன்!

கலையெல்லாம் பட்டணத்துச் சமாசாரம் என்று மட்டும் சொல்லிவிடாதே. வேலூர் வட்டாரத்தில், மலையாம்பட்டுப் பக்கம் ஆர்மாமலைக் குகை இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள். சித்தன்னவாசலோடு வைத்துப் பேசப்படுபவை. உதிர்ந்தது போகத் துண்டு துண்டாய் மிச்சமிருக்கின்றன. பாறைக் கூரையை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க வரைந்த ஆளின் பெயர் யாருக்குத் தெரியும்? லைக் கேட்டா வரைந்தான்?

நீயும் வரை! வரைந்துகொண்டிருக்கும்போது தாள்மேல் நிழல் விழும். ஊர்ப் பிள்ளைகள்தான். ஆடு ஓட்டிவந்த நாலைந்து பேர்.

"இன்னா இது, மலையா?" என்பான் ஒருவன். "மலை மாதிரியே இல்லியே!" என்பாள் இன்னொருத்தி.

தாளை மூடிவிடக் கை பரபரக்கும். மூடாதே! "ஆமா, இன்னும் சரியா வரல" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்.

"எனக்கும் ஒரு பேப்பர் குடுங்க" என்று ஒரு கை நீளும். கொடு! பிரஷ்ஷையும் கொடு. கொஞ்சமும் யோசிக்காமல் சிவப்பில் முக்கி எடுத்து, தாள் முழுக்க ஒரு மலையை இழுப்பான் பார்!