அதிர்ஷ்டம் என்பது யாது?

நமது நாளாந்தப் பேச்சில் அடிக்கடி வழங்கும் சொற்களுள் ஒன்று அதிர்ஷ்டம். பரீட்சையில் எதிர்பாராத சித்தி கிடைத்தாலும், வெளிநாட்டுப் பயணம் கைகூடினாலும், விபத்தில் உயிர் தப்பினாலும் அதிர்ஷ்டம் என்கிறோம். அதிர்ஷ்டலாபச் சீட்டு என்ற பெயரில் அச்சொல் சந்திகள் தோறும் விலைப்படுகிறது. எதிர்பாராது வரும் நன்மை என்னும் பொருளில் இன்று வழங்கும் இச்சொல்லின் மூலத்தை ஆராய்ந்தால், நம் சமய வாழ்வுக்கு வேண்டிய ஓர் உண்மை அதனுள் இருப்பதைக் காணலாம்.

வடமொழியில் 'திருஷ்' என்னும் வினையடி காணுதலைக் குறிக்கும். காணப்பட்டது திருஷ்டம், காணப்படாதது அதிருஷ்டம். தமிழில் இது அதிர்ஷ்டம் என்றும் அதிட்டம் என்றும் ஆயிற்று. ஆலயத்தில் நாம் பெறும் தரிசனமும், குழந்தைக்குக் கழிக்கும் திருஷ்டியும் இதே அடியிற் பிறந்த சொற்களே. ஆகவே அதிர்ஷ்டம் என்ற சொல் தன்னளவில் நன்மையையும் குறிக்காது, தீமையையும் குறிக்காது. ஒன்றின் காரணம் நம் கண்ணுக்குப் புலப்படவில்லை என்பதையே அது கூறும். காரணமே இல்லை என்று அது கூறுவதில்லை.

வைசேடிக தரிசனத்தை வகுத்த கணாத முனிவர் இச்சொல்லை இப்பொருளிலேயே ஆண்டார். காந்தமணியை நோக்கி ஊசி நகர்வதும், தீச்சுடர் மேல்நோக்கி எழுவதும் அதிருஷ்டத்தால் நிகழ்வன என்றார். இன்று ஊசி நகர்வதன் காரணத்தைப் பாடசாலை மாணவனும் காந்தவிசை என்று விளக்குவான். சூடான வாயு பாரம் குறைந்து மேலெழுவதாற் சுடரும் மேல்நோக்கி எழுகிறது என்பான். அன்று அதிருஷ்டமாய் இருந்தது இன்று திருஷ்டமாயிற்று. பாரதக் கதையிலும் இதனைக் காணலாம். சூதாட்ட மண்டபத்தில் காய் எப்படி விழும் என்பது தருமருக்கு அதிருஷ்டம். சகுனிக்கோ அது திருஷ்டம். எனவே அதிருஷ்டத்தின் எல்லை காண்பவரின் அறிவைப் பொறுத்து மாறுவது.

இதனை நம் மண்ணின் பெருந்துயர் ஒன்றோடு வைத்துச் சிந்திப்போம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி, பூரணை நாளாகிய ஞாயிறு காலை, ஆழிப்பேரலை முல்லைத்தீவு முதல் கல்முனை, மருதமுனை வரையும் அதற்கப்பாலும் நம் கரையோரக் கிராமங்களை அழித்தது. இலங்கையில் 30,000 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தப்பியவர்களை அதிர்ஷ்டசாலிகள் என்றோம். மாண்டவர்களைப் பற்றி, "அவர்கள் செய்த வினை" என்று சொன்னவர்களும் நம்மிடையே இருந்தார்கள். பிள்ளையைக் கடலுக்குப் பறிகொடுத்த தாயின் காதில் அச்சொல் எவ்வாறு விழுந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வினைக் கொள்கை சைவ சித்தாந்தத்தின் தூண்களுள் ஒன்று. அதனை மறுப்பதற்கில்லை. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என வினையை மூன்றாக வகுத்த நம் ஆன்றோர், வினை சடம் என்றும், அது தானே சென்று உயிரைப் பற்றாது என்றும், உரிய பயனை அறிந்து கூட்டுபவன் இறைவனே என்றும் தெளிவாக உரைத்தனர். அந்த அறிவு அவனுக்கு மட்டுமே உரியது. பிறர் துன்பத்தைப் பார்த்து, இது இன்ன வினையின் பயன் என்று தீர்ப்புச் சொல்பவர் இறைவன் இருக்கும் ஆசனத்தில் தாம் ஏறி அமர்கிறார். துன்புறுபவரின் பிராரத்தம் நமக்கு அதிருஷ்டம். ஆனால் அவர் முன் நிற்கும்போது நாம் செய்வதும் செய்யாது விடுவதும் நமது ஆகாமியம். அது நமக்குத் திருஷ்டம். காணாததைப் பற்றிப் பேசிக் கண்டதைச் செய்யாது விடுதல் சைவமாகாது.

கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமும் இதற்குச் சான்று. தீ, வெள்ளம், நோய், பஞ்சம் முதலிய எட்டும் தெய்வத்தால் வரும் இடர்கள் என்று கூறும் அந்நூல், அத்துடன் கைகட்டி இருக்கச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் ஆற்றோரக் கிராமத்தவர் வெள்ளம் எட்டாத இடத்திற்கு நீங்கி வாழ வேண்டும். பலகை, மூங்கில், தோணி என்பவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என விதிக்கிறது. வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுபவரைக் காப்பாற்ற முன்வராதவருக்கு 12 பணம் தண்டம்; மிதவை இல்லாதவருக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு. இடர் தெய்வத்தினாலாயினும் உதவாமை மனிதனின் குற்றம் என்பதே இதன் கருத்து.

2004 இல் சுமாத்திராவிற்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியதற்கும் அலை நம் கிழக்குக் கரையை அடைந்ததற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை முறை எதுவும் அன்று இல்லாமையால் அந்நேரம் பயனின்றிக் கழிந்தது. அதன்பின் 2005 இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. எச்சரிக்கை முறையும் அமைந்தது. 2012 ஏப்ரல் 11 இல் மீண்டும் சுமாத்திராக் கடலில் பெரும் நடுக்கம் ஏற்பட்டபோது நம் கரையோர மக்கள் முன்கூட்டியே உள்நோக்கி நகர்ந்தனர். பேரழிவு தரும் அலை அன்று வரவில்லை. எனினும் நகர்ந்தது வீண் முயற்சியன்று. முன்னர் காணப்படாதிருந்த ஒன்று காணப்படுவதாக மாறியபின், அதனை அதிர்ஷ்டத்தின் கையில் விட்டுவிட நமக்கு உரிமையில்லை. மூடப்படாத கிணறும், தலைக்கவசமின்றி ஓட்டும் மோட்டார் சைக்கிளும், காய்ச்சிய நீர் கொடாத வீடும் திருஷ்டங்களே. அவற்றால் வரும் கேட்டை விதியின் தலையில் ஏற்றுதல் பொருந்தாது.

இவ்வாறு பார்க்கும்போது அதிர்ஷ்டம் என்ற சொல் நம்மிடம் மூன்று பண்புகளை வேண்டி நிற்கிறது. நன்மை வரும்போது, அதன் காரணம் முழுவதையும் நாம் காணவில்லை என்ற பணிவு. பிறருக்குத் தீமை வரும்போது, தீர்ப்புக் கூறாத இரக்கம். கண்ணுக்குத் தெரியும் ஆபத்தைப் பொறுத்தவரை, சோம்பாத கடமை.

ஆலயத்திற்கு நாம் வருவது தரிசனத்திற்காக. கருவறையில் எம்பெருமானைக் கண்டு வணங்கிய கண்கள், வீதிக்கு வந்தபின் அயலவரின் துன்பத்தையும் காண வேண்டும். அவ்வாறு காணும் கண்ணையும், கண்டதைச் செய்யும் மனத்தையும் எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.