கிரகணம் செய்த குற்றமா?

மேலுதடு பிளந்து பிறந்த குழந்தையைக் கண்டால் நம்மவர் முதலில் என்ன கேட்கிறார்கள்? "கிரகணத்தப்போ அம்மா கத்தியத் தொட்டாங்களா?" பெற்றவளுக்கு இதைவிடக் கொடுமை உண்டா? கருவில் மேலுதடு ஒன்றுசேர்வது ஏறக்குறைய 7ஆவது வாரத்துக்குள். தான் கர்ப்பம் என்றே பல தாய்மாருக்கு அப்போது தெரிந்திருக்காது! அந்தச் சேர்க்கை முழுமை பெறாவிட்டால் பிளவு. அவ்வளவுதான். 'முன்வினை' என்று சொல்லி ஒதுங்கினால், உதவாமல் விட்ட வினை நம் கணக்கில்தான் ஏறும்.

காசியைப் பாருங்கள். கன்னத்துத் தோலைக் கொண்டு மூக்கைச் சீராக்கும் முறையைச் சொன்ன சுஸ்ருதர், காசிராஜன் திவோதாசரிடம் பாடம் கேட்டவர் என்பது மரபு. அதே காசியில் மருத்துவர் சுபோத் குமார் சிங், ஸ்மைல் டிரெயின் அறநிறுவனத்தின் துணையோடு ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் உதட்டுப் பிளவைச் சரிசெய்தவர். மிர்சாப்பூர்ப் பக்கத்துக் கிராமத்துச் சிறுமி பிங்கியும் அப்படி வந்தவள்தான். அவளைப் பற்றிய 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படம் 2009இல் ஆஸ்கார் வாங்கியது.

அந்தப் படத்தில் என் மனசில் நின்றவர் மருத்துவர்கூட இல்லை. ஊர் ஊராகப் போய், "இது சரியாகும், பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க" என்று வீட்டாரிடம் சொன்ன சமூகப் பணியாளர். அறுவை செய்ய நமக்குத் தெரியாது, சரி. வாய் இருக்கிறதே! 3 மாத வாக்கிலேயே உதட்டைச் சரிசெய்யலாம் என்று சொல்லலாமே. இனி கோயிலில் அப்படி ஒரு தாயைப் பார்த்தால் கிரகணத்தைப் பற்றிக் கேட்காதீங்க. பிள்ளையைக் கையில் வாங்குங்க, கொஞ்சுங்க. பால் குடிக்கச் சிரமப்படுதான்னு கேளுங்க.